புல்லட்டும் புல்டாகோவும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை இயன்றவரை அப்படியே தரப்பட்டுள்ளது.)



மின்வாரியத்தில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவன் நான். அதனால் கரண்டைப் பற்றிப் பேசுவேன் என்று செயலாளர் எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவது மோட்டார் சைக்கிளைப் பற்றி. அதிலும் நம்மில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்திராத ஒரு ஸ்பெயின் நாட்டு வண்டியைப் பற்றி. "கோரிப்பாளையத்துக்கும் ஸ்பெயினுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பதினைந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டியின் பெயர் புல்டாகோ. பார்சிலோனாவில் ஃபிரான்சிஸ்கோ சேவியர் புல்டோ என்றொரு தொழிலதிபர் இருந்தார். வேண்டியவர்கள் அவரை 'பாக்கோ' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். 1940களில் இன்னொருவரோடு கூட்டுச் சேர்ந்து மொன்டேசா என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியை நடத்தினார். செலவு கட்டுப்படியாகவில்லை, இனிமேல் பந்தயம் வேண்டாம் என்று அங்கே முடிவானது. புல்டோவுக்கோ பந்தயம் என்றால் பித்து. 1958-இல் பிரிந்து வந்து சொந்தக் கம்பெனி தொடங்கிவிட்டார். புல்டோ என்ற பெயரையும் பாக்கோ என்ற பெயரையும் ஒட்டினால் புல்டாகோ. கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் ஒரு கைதான் கம்பெனி முத்திரை.

1959-இல் வந்த அவர்களுடைய முதல் வண்டி ரோட்டில் ஓடுகிற வண்டிதான். ஆனால் உலகம் முழுக்கப் பேர் வாங்கித் தந்தது ரோடே இல்லாத இடத்தில் ஓடுகிற வண்டிகள். மண் மேட்டில் தாவி ஓடுவதற்கு 'பர்சாங்', நெடுந்தூரக் காட்டுப் பாதைக்கு 'மட்டடோர்', மலைத்தடத்தில் நிதானமாகப் போவதற்கு 'அல்பினா', பாறையில் ஏறுவதற்கு 'ஷெர்பா டி'. இன்றைக்குப் பழைய வண்டி சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குவது இவற்றைத்தான்.

பாறையில் ஏறுகிற பந்தயத்துக்கு 'ட்ரையல்' என்று பெயர். இதில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. ஓடை, சேறு, பாறை, செங்குத்தான மேடு என்று சிறு சிறு பகுதிகளாகப் பாதை குறித்துவிடுவார்கள். அதைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி. வண்டி நின்றாலோ விழுந்தாலோ ஐந்து புள்ளி. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்குத்தான் ஜெயம். நம் ஊரில் சொல்வதென்றால், யானைமலைச் சரிவில் மோட்டார் சைக்கிளைக் கால் ஊன்றாமல் ஏற்றுகிற கதைதான். இந்த வகைப் பந்தயத்தில் மிகப் பழையதும் பெயர் பெற்றதும் ஸ்காட்லாந்தில் ஆண்டுதோறும் ஆறு நாள் நடக்கும் போட்டி.

இப்போது நம் சம்பந்தத்துக்கு வருகிறேன். அந்த ஸ்காட்லாந்துப் போட்டியில் 1952-இலும், மறுபடி 1957-இலும் ஜெயித்தவர் ஜானி பிரிட்டன் என்ற ஆங்கிலேயர். அவர் ஏறிப் போன வண்டி என்ன தெரியுமா? ராயல் என்ஃபீல்டு புல்லட்!

ஆமாம், நம்ம புல்லட்டேதான். போலீஸ்காரரும் பண்ணையாரும் ஓட்டுகிற கனத்த வண்டி என்று நாம் நினைத்திருக்கிறோமே, அது பிறந்ததே கரடுமுரடான பாதைக்காக. பின் சக்கரம் மேலும் கீழும் அசைந்து கொடுக்கிற அமைப்பை வைத்து, 1948-இல் முதலில் பந்தயக் களத்தில்தான் அதைச் சோதித்தார்கள். அதே ஆண்டு இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில், வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. இரண்டுக்கும் தங்கப் பதக்கம். அதற்கப்புறம்தான் கடைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் ட்ரையல் என்றாலே இங்கிலாந்தின் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் ராஜ்யம். அதை முடித்து வைத்தது ஸ்பெயின்காரன் வண்டி. சாமி மில்லர் என்ற அயர்லாந்து வீரர் ஏரியல் என்ற ஆங்கில வண்டியில் ஜெயித்துக்கொண்டிருந்தவர். 1964 கடைசியில் புல்டாகோ கம்பெனியார் அவரை அழைத்தார்கள். அவர் பார்சிலோனாவுக்குப் போய், பக்கத்து மலையிலேயே ஓட்டிப் பார்த்து, இதை மாற்று, அதை நீட்டு என்று சொல்லிச் சொல்லி ஒரு வண்டியைச் செய்யவைத்தார். அதுதான் ஷெர்பா டி. 244 சி.சி., டூ ஸ்ட்ரோக் இன்ஜின். எடை ஏறத்தாழ 90 கிலோ. நம்ம புல்லட் 160 கிலோவுக்கு மேல். 1965-இல் அதே ஸ்காட்லாந்துப் போட்டியில் மில்லர் அந்த வண்டியில் ஜெயித்தார். 1967, 1968-இலும் அவரே. அதன்பின் ட்ரையல் களத்தில் கனத்த வண்டிக்கு இடமில்லாமல் போயிற்று. 1975 முதல் 1979 வரை ஐந்து ஆண்டும் உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர்கள் ஓட்டியது புல்டாகோ.

வயதான காலத்தில் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, தென்கரையில் நியூ மில்டன் என்ற ஊரில் சாமி மில்லர் அமைத்திருக்கும் மோட்டார் சைக்கிள் காட்சிசாலையைப் பார்த்தேன். புல்டாகோவின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். என்ன எளிமை! வால்வு கிடையாது, டேப்பட் கிடையாது. ஒல்லியான உடம்பு. சோழவந்தான் பக்கத்துத் தென்னை மரமேறிகளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு கிலோ சதை அதிகம் கிடையாது.

நிற்க. இனிமேல்தான் கதையே.

ஜெயித்தவன் வாழ்வான், தோற்றவன் வீழ்வான் என்பதுதானே கணக்கு? இங்கே அது தலைகீழாக நடந்தது. தோற்ற புல்லட் வாழ்ந்தது. ஜெயித்த புல்டாகோ போய்ச் சேர்ந்தது.

ஸ்பெயினில் அந்நிய வண்டிகள் உள்ளே வராதபடி அரசாங்கம் பெரிய மதில் கட்டி வைத்திருந்தது. அந்த மதிலுக்குள் புல்டாகோ, மொன்டேசா, ஓசா என்று கம்பெனிகள் செழித்தன. ஓசா ஆதியில் சினிமா புரொஜெக்டர் செய்த கம்பெனி. சினிமாக்கார ஊரான மதுரைக்கு அது பிடிக்கும். 1970களின் பிற்பாதியில் அந்த நாட்டின் பொருளாதாரம் தள்ளாடியது. தொழிற்சாலைகளில் தகராறு. வெளிச் சந்தையில் ஜப்பான் வண்டிகளின் போட்டி. உலகப் பட்டம் கையில் இருந்த அதே 1979-இல் புல்டாகோ தொழிற்சாலை கதவடைத்தது. மறு ஆண்டு திறந்தார்கள். 1983-இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். மொன்டேசா ஹோண்டாவின் கைக்குப் போய்ப் பிழைத்தது. 2014-இல் புல்டாகோ என்ற பெயரில் மின்சார வண்டி செய்ய ஒரு முயற்சி நடந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

நம் நாட்டிலும் அதே மாதிரி மதில் இருந்தது. நம் இராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வண்டி வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து புல்லட்டை வரவழைத்தார்கள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் உதிரிகளாகக் கொண்டுவந்து பூட்டினார்கள். பிறகு அச்சும் கருவியும் வந்தன. 1962 வாக்கில் எல்லா உறுப்பும் இங்கேயே தயார். ஆனால் அங்கே, தாய் வீட்டில் என்ன ஆயிற்று? 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடினார்கள். 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி அடியோடு நின்றது. 1977-இல் திருவொற்றியூரில் செய்த புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது. கொடுத்தவன் வீட்டில் விதைநெல் தீர்ந்துபோய், வாங்கிப் போனவனிடம் கடன் கேட்டு வந்த கதை!

நமக்கும் ஜப்பான் அலை வந்தது. 1984, 85-இல் இந்த் சுசுகி, ஹீரோ ஹோண்டா, ஆர்.எக்ஸ். 100 எல்லாம் வரிசையாக வந்து இறங்கின. நீங்களெல்லாம் புல்லட்டை விட்டுவிட்டு அதன் பின்னால் போனது எனக்கு நினைவிருக்கிறது. (சிரிப்பு.) மைசூரில் ஜாவா, யெஸ்டி செய்த கம்பெனி 1996-இல் மூடியது. என்ஃபீல்டும் தடுமாறியது. 1994-இல் ஐஷர் கைக்குப் போனது. 2000-ஐ ஒட்டி மூடிவிடலாமா என்ற பேச்சுகூட வந்தது. தப்பித்துப் பிழைத்து, இன்று உலகம் பூராவும் விற்கிறது. 2016-இல் ஹிமாலயன் என்று மலைப்பாதை வண்டியே செய்தார்கள். 2019-இல் ஜானி பிரிட்டன் ஓட்டிய வண்டியின் நினைவாக 'புல்லட் ட்ரையல்ஸ்' என்று ஒன்றையும் விட்டார்கள். அது நீண்ட நாள் சந்தையில் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஏன் புல்லட் பிழைத்தது? கம்பெனி ஒரு காரணம், இராணுவமும் போலீசும் ஒரு காரணம். மூன்றாவது காரணத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். அது இந்தக் கல்லூரி வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

என் அப்பா கால்நடை மருத்துவர். மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் போவார். அவருடைய 1964-ஆம் வருட புல்லட் இப்போது என்னிடம் இருக்கிறது. மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் வரும். வண்டிப்பாதை, கண்மாய்க் கரை, வரப்பு, செம்மண் சகதி எல்லாவற்றிலும் அந்த வண்டி போகும். ட்ரையல் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. ஆனால் ஜானி பிரிட்டன் ஆறு நாள் செய்ததை அவர் முப்பது வருஷம் செய்தார். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. சில வீடுகளில் சீம்பால் கிடைத்தது.

அந்த வண்டியை முப்பது வருஷம் ஓடவைத்தவர்கள் கோரிப்பாளையம் மெக்கானிக்குகள். தர்காவுக்குப் பின்னால் சந்துக்குள்ளே, வேப்பமரத்தடியில், கோணிச்சாக்கு விரித்து இன்ஜினை அக்கக்காகக் கழற்றிப் போட்டு, பொழுது சாய்வதற்குள் பூட்டிக் கொடுத்துவிடுவார்கள். உதிரி கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்வார்கள். ஸ்பெயினின் புல்டாகோவை இன்று காப்பாற்றுவதும் இதே மாதிரிக் கைகள்தான். கம்பெனி மூடி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பிஸ்டன், கேஸ்கெட், டேங்க் எல்லாம் ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிறு பட்டறைகள் புதிதாகச் செய்து விற்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் அளவுகளை எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மாடலுக்கு எந்த எண், எந்த வருஷம் எந்தத் திருகு மாறியது என்று பட்டியல் போட்டுப் புத்தகமாகவே வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. விரலோடு போய்விடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், மாணவர்கள் கவனியுங்கள். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் டேப்பட் வைப்பது ஒரு கலை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். புஷ்ராடை விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. இதற்கு அளவுத் தகடு கிடையாது. விரல்தான் அளவு. வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதும் அப்படித்தான். கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஹெட்லைட் மேலே உள்ள அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். அந்த இடத்தில் டிகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இம்மி நகர்த்தி, விட்டுவிட்டு, ஒரே உதை. பிடித்துக்கொள்ளும். தெரியாதவன் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்கால் போய்விடும்.

எங்கள் வண்டிக்குக் கைபார்ப்பவரை நான் 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அத்தாதான் எங்க அப்பா காலத்து மெக்கானிக். என் வண்டி சத்தத்தைக் கேட்டே, "சார், பிக் எண்டு பேச ஆரம்பிச்சிருச்சு, இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும், அதுக்குள்ள கொண்டாந்துருங்க" என்பார். சொன்னால் சொன்னபடி இருக்கும். போன வருஷம் அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. பார்க்கப் போயிருந்தேன். "இனிமே பாயிண்ட் கேப்பு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது சார். கடையைக் குடுத்துரலாம்னு இருக்கேன்" என்றார். "பையன்?" என்றேன். "அவன் செல்போன் கடை வச்சுட்டான். நல்லாத்தான் இருக்கான். இந்தக் கிரீஸுல வந்து உழலச் சொல்லி நான் எப்படிச் சொல்றது?" என்றார். எனக்குப் பதில் பேச முடியவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லையே.

நண்பர்களே, அவர் பையன் அந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் கடையைச் சாத்துகிற அன்று இரண்டு தலைமுறை அறிவு சேர்ந்து சாத்தப்படும். ரெட்டிச்சில் மூடியதைத் திருவொற்றியூர் காப்பாற்றியது. எப்படி? மூடுவதற்கு முன்னாலேயே அச்சும் கருவியும் வரைபடமும் கைமாறியிருந்தன. நேரத்தோடு கைமாறிய பொருள்தான் பிழைக்கும். நம் மதுரையில் 1911-இல் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் மோட்டார் கம்பெனி 2020-இல் இங்கிலாந்தின் நார்ட்டனை வாங்கியதே, அதுவும் இப்படி ஒரு கைமாற்றம்தான். பெரிய கம்பெனிகள் தங்கள் கைமாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும். சந்துக்குள் இருக்கும் பாய்க்கு யார் இருக்கிறார்கள்?

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, வெட்டாதீர்கள். பழைய புல்லட்டை வாங்கி, மட்கார்டை அறுத்து, சைலன்சரை மாற்றி, தெருவே அதிர ஓட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. ஃபிரேம் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி. புக்கோடு பொருந்தி, முதலில் வந்த உறுப்புகளோடு இருக்கிற வண்டிக்குத்தான் மதிப்பு. பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை. புல்டாகோ சேகரிப்பவர்களும் முதலில் குனிந்து பார்ப்பது எண்ணைத்தான்.

இரண்டு, சட்டம். 2021-இல் மத்திய அரசு பாரம்பரிய வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டுக்கு மேல் ஆகி, மூல உருவம் மாறாமல் இருந்தால், 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் வாங்கலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு மாதிரியான காரியங்களுக்குத்தான். யோசித்து முடிவு செய்யுங்கள்.

மூன்று, பெட்ரோல். 2025-இல் நாடு முழுக்க 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய வண்டியின் ரப்பர் குழாய், கார்புரேட்டர் வாஷர், இவையெல்லாம் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். பழைய புல்டாகோக்களில் ஃபைபர் டேங்க் உண்டு. அதைக் கரைத்தே விடுகிறது என்று அங்கே புலம்புகிறார்கள். குழாய்களை மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்து வையுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு என் வேண்டுகோள். பரிசுக் கேடயம், நினைவு வளைவு எல்லாம் நிறையச் செய்துவிட்டோம். இந்த ஆண்டு நிதியில் ஒரு சின்னப் பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். நம் இயற்பியல், வேதியியல் மாணவர்கள் பத்துப் பேர், சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், கோரிப்பாளையத்துப் பட்டறைகளில் போய் உட்காரட்டும். புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் என்று வண்டி வாரியாகக் குறிப்பேடு போடட்டும். எந்த அளவு, எந்தச் சத்தத்துக்கு என்ன நோய், எந்த உறுப்பை எந்த லேத்தில் எப்படிக் கடைந்தார்கள் என்று எழுதட்டும். கைவேலையைப் படம் பிடிக்கட்டும். எல்லோர் கையிலும்தான் கேமரா இருக்கிறதே. அந்த மெக்கானிக்குகளுக்கு அந்த நேரத்துக்கான கூலியைச் சங்கம் கொடுக்க வேண்டும். இனாமாகக் கேட்கக் கூடாது. பாடம் நடத்துகிறவருக்குச் சம்பளம் உண்டல்லவா? அவர்களும் பாடம்தான் நடத்துகிறார்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, புஷ்ராடை விரலால் சுற்றிப் பார்க்கும்போது நீங்கள் வகுப்பில் படித்த வெப்ப விரிவு கண்ணுக்குத் தெரியும். இரும்பு சூடானால் நீளும் என்று பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். எவ்வளவு நீளும் என்பது பாயின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிறது.

பாயிடம் கேட்டுவிட்டேன். "பிள்ளைக வந்தா சொல்லிக் குடுக்கிறேன் சார். ஆனா தீபாவளிக்கு முன்னாடி வரச் சொல்லுங்க, அதுக்கப்புறம் கடை இருக்குமான்னு தெரியாது" என்றிருக்கிறார். செயலாளர் அவர்கள் தேதியை இன்றே அறிவித்தால் மகிழ்வேன். என் பங்குக்கு, அப்பாவின் வண்டியைக் கழற்றிப் பார்க்க மாணவர்களுக்குத் தருகிறேன். திருப்பிப் பூட்டிக் கொடுத்தால் போதும்.

சாப்பாடு தயார் என்று சைகை வருகிறது. விடைபெறுகிறேன். வணக்கம்.